நானூறு பச்சைப் புள்ளிகள்

நானூறு இயந்திரங்களும் உயிரோடு இருப்பதாகச் சுவர் சொன்னது.

வரவேற்புக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திரை. கறுப்புத் திரையில் வரிசைக்கு இருபதாக இருபது வரிசைப் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் மூச்சு விடுவதுபோல் மங்கி மங்கித் துலங்கின. நான்கு ஆய்வு நிறுவனங்கள் தலைக்கு நூறு கணினி என்று போட்டு, எல்லாவற்றையும் வலையில் பிணைத்து, ஆய்வாளர் யார் வேண்டுமானாலும் வந்து தன் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த கூட்டுச் சோதனைத் தளம் அது. ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்தது. திறந்து மூன்று வருஷம் ஆகிறது. கூடத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. மேசைமேல் ஓர் அழைப்பு மணியும் ‘அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்’ என்று ஓர் அட்டையும் இருந்தன. சாக்கடை சார் அழுத்தினார். மணி ஒலிக்கவில்லை. ஆனால் எங்கேயோ உள்ளே, ரொம்ப உள்ளே, ஒரு கதவு சாத்திக்கொண்டது.

சாக்கடை சார் என்பது அவருடைய மாணவர்கள் வைத்த பெயர். ஒரு சின்னப் பொறியியல் கல்லூரியில் வடிகால் பாடம் நடத்துகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பத்து வருஷம் கோபப்பட்டுப் பார்த்தார். பதினோராம் வருஷம் போனை எடுத்து அவரே ‘சாக்கடை பேசறேன்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் வந்த காரியம் இதுதான். ஊரின் தாழ்வான பகுதியை ஒட்டி ஒரு கால்வாய் போகிறது. போன வருஷ மழைக்கு அப்புறம் அதன் எதிர்க்கரையில் மட்டும் உயரமாக ஒரு மதில் எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் பரவிக்கொண்டிருந்த தண்ணீர் இனி ஒரே பக்கம்தான் பாயும். எந்தத் தெருவில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு ஆழம் என்று சொல்ல ஒரு கணக்கு முறையை அவர் உருவாக்கி வைத்திருந்தார். அவர் மேசைக் கணினியில் போட்டால் விடை வர நாலு மாசம் ஆகும். நானூறு கணினியில் போட்டால் ஒரே பகல். மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கால்வாயிலிருந்து மூன்றாவது தெருவில் அவர் அக்கா இருந்தாள்.

அரைமணி கழித்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார்.

“நீங்க எந்தக் கமிட்டி?”

“கமிட்டி இல்லைங்க சார். ஒரு கணக்கு போடணும்.”

“கணக்கா?”

“ஆமாங்க. இந்தத் தளத்துல.”

ஒருங்கிணைப்பாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். “பயனரா நீங்க?” என்றார். மூன்று வருஷமாகச் சொற்பொழிவுகளில் மட்டுமே கேள்விப்பட்ட ஒன்று எதிரில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் குரல் கம்மத்தான் செய்யும்.

“நண்பரே,” என்று சுதாரித்துக்கொண்டு தொடங்கினார், “இந்தத் தளத்தோட ஆன்மாவே பயனர்தான். பயனர் இல்லாமலேயே மூணு வருஷம் இதை வெற்றிகரமா நடத்திக் காட்டியிருக்கோம். எழுபத்திரண்டு கூட்டம். பதினாலு துணைக் கமிட்டி. இப்ப பயனரும் வந்துட்டீங்க. கொஞ்சம் இடைஞ்சல்தான், சமாளிச்சுக்கறோம். முதல்ல நீங்க அறிமுகப் பயிற்சிக்கு வரணும்.”

அறிமுகப் பயிற்சி நடத்தக் குறைந்தது பத்துப் பயனர் வேண்டும் என்று விதி இருந்தது. விதியை மாற்ற வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூட ஒரு மாசம் ஆகும். அதனால் பத்து நாற்காலி போட்டார்கள். முதல் நாற்காலியில் சாக்கடை சார். மற்ற ஒன்பதிலும் ‘பயனர் 2’, ‘பயனர் 3’ என்று அட்டைகளை நிமிர்த்தி வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வோர் எண்ணையும் கூப்பிட்டு, நாற்காலியைப் பார்த்து, சற்றுப் பொறுத்து, தலையசைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டினார். வேடிக்கையான இடங்களில் அவரே நிறுத்தி, சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். கடைசியில், “பின் வரிசையில யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார்.

சாக்கடை சார் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். முன்னறையில் நாலு தையல் மெஷின், நாலிலும் ஆள், நடுவில் நீலத் துணி மலையாகக் கிடந்தது.

“அக்கா, மழைக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணிடு.”

“எவ்ளோ தண்ணி வரும்?” என்றாள், வாயில் குண்டூசியோடு.

“அதுக்குத்தான் கணக்கு போடறேன்.”

“அப்ப போட்டுட்டு வா. போன வருஷமும் இப்படித்தான் வரும் வரும்னு குதிச்சே. நாலு மெஷினையும் கட்டில் மேல தூக்கி வச்சுட்டு முதுகு பிடிச்சு ஒரு வாரம் படுத்தேன். தண்ணி வாசப்படியைக்கூட நனைக்கல. இந்தத் தெருவே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. முழங்கால்னா முழங்கால்னு சொல்லு, இடுப்புன்னா இடுப்புன்னு சொல்லு. சும்மா ஆவி வருது பூதம் வருதுன்னு கிலி கிளப்பாதே.”

“நானூறு மெஷின்க்கா. ஒரு நாள்ல சொல்லிடும்.”

“நானூறா! என் நாலையே எண்ணெய் போட்டுக் கட்டி மேய்க்க முடியலை. நானூறை யாருடா மேய்க்கறா?”

நல்ல கேள்விதான். அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை.

கணக்கை அனுப்பினார். ‘உங்கள் பணி முதல் நிறுவனத்தால் அன்புடன் ஏற்கப்பட்டு இரண்டாம் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. மறுநாள் இரண்டாம் நிறுவனம் அதை மூன்றாவதற்கு அனுப்பியது, அடுத்த நாள் மூன்றாவது நான்காவதற்கு. ஐந்தாம் நாள், ‘உங்கள் பணி முதல் நிறுவனத்தால் அன்புடன் ஏற்கப்பட்டது’ என்று மறுபடி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முகப்புக் கடிதம் சேர்த்ததில் கோப்பு பெருத்துக்கொண்டே போனது. மூன்றாவது சுற்றில் கடிதங்களுக்கு நடுவே கணக்கைத் தேட வேண்டியிருந்தது.

ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது.

‘பணி எண் 1 உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்களா? ஆம் / இல்லை.’

வகுப்பில் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. ‘ஆம்’ என்பதை அழுத்தினார். ‘நன்றி. நீங்கள் இருப்பது பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது.

மூன்று வாரம் போய்விட்டது. சாக்கடை சார் விடுப்புப் போட்டுவிட்டு நேரே குன்றுக்குப் போனார். முதல் நிறுவனத்தின் இயந்திரக் கூடம் வரவேற்புக் கட்டடத்தின் பின்பக்கம்தான். வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், கையில் உறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“மெதுவா பேசுங்க சார்,” என்றார் காவலாளி.

“ஏன்?”

“தெரியலை சார். இங்க வந்தா எல்லாரும் மெதுவாத்தான் பேசுவாங்க.”

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. நீல வெளிச்சம். ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள், கண்ணாடிக் கதவு போட்டு, எண் ஒட்டி, வரிசை வரிசையாகப் போய்க் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருட்டோடு இருட்டாகின. ஆயிரம் மின்விசிறி ஒன்றாகச் சுற்றுவதுபோல் ஓர் ஓயாத ரீங்காரம். சாக்கடை சாருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். உள்ளே நீல விளக்கு இருந்தது. வேறொன்றும் இல்லை. அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகம்தான் கூடவே வந்துகொண்டிருந்தது.

“மெஷின் எங்க?”

“நம்ம மெஷின் ரெண்டாவது நிறுவனத்துல ஓடுது சார். கிளவுட்டுன்னு சொன்னாங்க.”

“அப்ப இந்தச் சத்தம்?”

“அது பதிவு பண்ணிப் போட்டது சார். திறப்பு விழாவுக்கு வந்தவங்க, சத்தம் இல்லாம இருந்தா நல்லா இருக்காதுன்னாங்க. அப்புறம் நிறுத்தறதுக்கு யார் கையெழுத்துப் போடணும்னு தெரியலை. மூணு வருஷமா ஓடுது.” காவலாளி குரலை இன்னும் தாழ்த்தினார். “போன மாசம் கரண்ட் போயி ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. அப்பதான் சார் பயமா இருந்துச்சு.”

இரண்டாம் நிறுவனத்துக்குப் போனார். அங்கேயும் கூடம், குளிர், நீல வெளிச்சம். பொறுப்பிலிருந்த அம்மாள் பெருமையோடு, “நூறு இயந்திரமும் மூணாவது நிறுவனத்துல பத்திரமா இருக்கு. ஒப்பந்தத்துல ‘எங்கிருந்து வேண்டுமானாலும் தரலாம்’னு தெளிவா போட்டிருக்கோமே,” என்றாள். மூன்றாவது நிறுவனத்தில் கூடம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே குளிர் மட்டும் கசிந்தது. ‘எங்கள் நூறும் நான்காவதில்’ என்று ஒரு பலகை சொன்னது. நான்காவதில் ஓர் அதிகாரி உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

“எங்க நூறும் முதல் நிறுவனத்துல இருக்கு சார். குன்று மேல. நீங்க போயிருக்கீங்களா? என்ன கூலிங் தெரியுமா!”

சாக்கடை சார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் இரண்டாமவரை நம்பி நூறு இயந்திரம் தருவதாக எழுதிக் கொடுத்தார், அவர் மூன்றாமவரை நம்பினார், அவர் நான்காமவரை, நான்காமவர் முதலாமவரை. சுவரில் புள்ளிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று, நீ இருக்கிறாயா என்று கேட்டு, நீ இருந்தால் நானும் இருக்கிறேன் என்று சிமிட்டிக்கொண்டிருந்தன. அவருடைய கணக்கோ, குடியில்லாத வீட்டில் அறை அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கமிட்டி முன்னால் இதைச் சொல்ல அவருக்கு ஏழு நிமிஷம் ஒதுக்கினார்கள். நான்கு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். மீதி மூன்று நிமிஷம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் எழுந்தார்.

“பயனர் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டுபிடிச்சிருக்காரு. இதுவரைக்கும் எந்த நாட்டுத் தளத்திலயும், ஒரு நிறுவனம் கூடுதலா வெச்சிருக்கும், ஒரு நிறுவனம் குறைச்சு வெச்சிருக்கும். சண்டை வரும். நம்ம தளத்துல யார்கிட்டயும் எதுவும் இல்லை. இதைவிடச் சமமான பங்கீடு இருக்க முடியுமா? மூணு வருஷத்துல ஒரு இயந்திரம் பழுதாகலை. ஒரு தகவல் திருட்டுப் போகலை. பக்கத்துத் தளங்கள்ல கேட்டுப் பாருங்க, வாராவாரம் ஏதாவது எரிஞ்சுபோகுது.”

கை தட்டினார்கள். இரண்டாம் நிறுவனத்து அம்மாள் எழுந்து, “இயந்திரம் இல்லைங்கறது ஒரு பார்வை. இயந்திரம் இன்னும் வரலைங்கறது இன்னொரு பார்வை. ரெண்டையும் பதிவு பண்ணணும்,” என்றாள். இரண்டையும் பதிவு செய்தார்கள்.

“சார், மழை பத்து நாள்ல வந்துடும்,” என்றார் சாக்கடை சார். “தண்ணி எவ்ளோ வரும்னு தெரியாம ஒரு தெருவே உட்கார்ந்திருக்கு.”

“அதுக்குத்தானே துணைக் கமிட்டி போடறோம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர், உண்மையான பரிவோடு. “நீங்களும் அதுல உறுப்பினர்.”

மழை பத்து நாள் காத்திருக்கவில்லை. நாலாம் நாளே தூறத் தொடங்கியது. சாக்கடை சார் குடையோடு மறுபடியும் குன்றுக்குப் போனார். ஏன் போனோம் என்று அவருக்கே தெரியவில்லை. இறந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுபோல் சுவர் முன்னால் நின்றார். நானூறும் சிமிட்டின. காவலாளி பக்கத்தில் வந்து கையுறையைக் கழற்றினார்.

“குளிருது சார். கொஞ்சம் இருங்க, கையைச் சூடு பண்ணிட்டு வர்றேன்.”

“எங்க போய்?”

“சுவருக்குப் பின்னாடிதான். அங்க ஒண்ணு சூடா இருக்கும்.”

சாக்கடை சார் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். சுவரின் பின்னால் ஒரு சந்து. சந்தின் கோடியில், துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவே, ஒரு பெரிய கறுப்புக் கணினி உறுமிக்கொண்டிருந்தது. நானூறு புள்ளிகளை வரைவதற்காக வாங்கியது. சுவர் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று இருப்பதிலேயே வலுவானதாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். நான்கு நிறுவனங்களிலும் சேர்த்து இருந்த இயந்திரம் அது ஒன்றுதான். அதன் தலையில் காவலாளியின் டிபன் டப்பா சூடேறிக்கொண்டிருந்தது.

நானூறு செய்கிற வேலையை அது ஒன்று செய்யாது. கட்டம் கட்டமாகப் போட்ட கணக்கைப் பெரிய பெரிய கட்டமாக்கினார். வீடு வீடாகச் சொல்லாவிட்டால் போகிறது, தெருத் தெருவாகச் சொன்னால் போதும். அப்படிப் போட்டால் ஒன்றரை நாள்.

“சுவர் அணைஞ்சுடும்,” என்றார் காவலாளியிடம்.

“எனக்கும் கால்வாய்ப் பக்கந்தான் சார் வீடு,” என்ற காவலாளி டப்பாவை எடுத்துக்கொண்டார்.

சுவர் கறுத்தது. மூன்று வருஷத்தில் முதன்முறையாகக் கமிட்டி ஒரே மணி நேரத்தில் கூடியது. நானூறு இயந்திரங்களின் திடீர் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். அந்த மௌனத்தில் பின்கூடத்து ரீங்காரம் நன்றாகக் கேட்டது. இரண்டாம் நிறுவனத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர் ஏன் அணைந்தது என்று பார்த்துவரச் சந்துக்குள் போக மட்டும் யாருக்கும் அதிகாரம் இல்லை. கட்டடத்தின் பின்பகுதி வேறு கமிட்டி.

விடை வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. படத்தை நெஞ்சோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு, கல்லூரிப் பேருந்து இரண்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். “மூணாவது தெரு… கழுத்தா?”

“ஆமாக்கா. ஒன்பது மணி நேரத்துல.”

“யார் கழுத்துடா? உன் கழுத்தா, என் கழுத்தா?”

“உன் கழுத்துக்கா.”

அக்கா கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இதற்கு முன் அவளைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு வாசலிலும் நின்று, “கழுத்து! அளந்து சொல்லியிருக்கான் என் தம்பி, கழுத்து! எழுந்து வாங்கடி!” என்று கத்தினாள். துணி அளக்கிறவள் சொன்ன அளவு என்பதால் தெரு நம்பியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களை வைக்க உயரமான, ஒழுகாத, மின்சாரம் உள்ள இடம் ஊரில் ஒன்றுதான் காலியாக இருந்தது. குன்றின்மேல் காவலாளி இயந்திரக் கூடத்துக் கதவை அகலத் திறந்துவிட்டார். அவர் பெண்சாதியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். குளிரையும் ரீங்காரத்தையும் அணைக்க யார் கையெழுத்து வேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளர் கூடத்துக்குள் வந்தார். நீல வெளிச்சத்தில் ஓர் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. அலறிக்கொண்டு அடுத்ததைத் திறந்தார். அதிலும் ஒரு குழந்தை படுத்திருந்தது. வரிசை முழுக்கக் குழந்தைகள், தட்டுத் தட்டாக.

“யார் இவங்கள்லாம்? இன்னிக்கு மத்தியானம் மதிப்பீட்டுக் குழு வருது! இயந்திரத்தை எண்ண வர்றாங்க!”

“எண்ணட்டுமே,” என்றாள் அக்கா. “நாங்க ஓடிப்போக மாட்டோம். வெளியே தண்ணி.”

ஒருங்கிணைப்பாளர் அப்படியே நின்றார். அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

பத்து மணிக்குள் எல்லார் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. அக்கா 1-17. ‘வலை முகவரி’ என்ற கட்டத்தில் அவரவர் போன் எண்ணை எழுதிக்கொண்டார்கள். மணிக்கொரு தரம் ஒவ்வொருவரும் போனில் ஒரு பொத்தானை அழுத்தி உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். குறைகிற எண்பத்தெட்டுக்குக் கர்ப்பிணிகளை இரண்டாக எண்ணலாமா என்று ஒரு துணைக் கமிட்டி பேசிக்கொண்டிருந்தது. சுவர் மறுபடி ஒளிர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். இந்தத் தடவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்தில் சிமிட்டியது. பார்க்கச் சகிக்கவில்லை என்று ஓர் உறுப்பினர் குறைபட்டுக்கொண்டார்.

மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். கூடத்தில் மெதுவாக நடந்தார்கள். நடந்த இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். முந்நூறு பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“சராசரி வெப்பம்?” என்றார் ஒருவர்.

“முப்பத்தேழு பாகை. மாறவே மாறாது,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“எதுல ஓடுது?”

“டீயில,” என்றார் காவலாளி.

குறித்துக்கொண்டார்கள். ‘எல்லா வளங்களும் நேரில் காணக் கிடைத்த ஒரே தளம்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். தலைவர் அக்காவின் அட்டையைத் தூக்கிப் பார்த்து, “இது என்ன வேலை செய்யும்?” என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்.

“இது சட்டை தைக்கும்,” என்றாள் அக்கா. “வாய் நீளம்னா அதையும் சேர்த்துத் தைக்கும்.”

எட்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. மூட்டை கட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை, கண் கலங்கியிருந்தது.

“விலகணும்னா தொண்ணூறு நாள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். நீங்க போயிட்டா அந்தக் கூடத்துல மறுபடி என்னம்மா இருக்கும்? நான் தினமும் அங்க போகணுமே.”

அக்காவுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. “நகருங்க சார்,” என்றாள். “வீட்டுல சேறு காய்ஞ்சா சுரண்ட முடியாது.”

போனார்கள். சுவரில் முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சையாகவே இருந்தன. அணைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அக்காவின் முன்னறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது. அவள் அதில் முதுகைச் சாய்த்து நின்று, விரலால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. மண்வாரியை எடுத்துக்கொண்டாள். தம்பியும் அவளும் மத்தியானம் வரை சேற்றை அள்ளினார்கள். நாலு மெஷினில் மூன்று பிழைக்கும் போலிருந்தது. அப்போது அவள் போன் அதிர்ந்தது.

“டேய், இது என்னன்னு படி. என் கை சேறு.”

சாக்கடை சார் படித்தார். ‘பணி எண் 2. பயனர் எண் 11. இயந்திரம் 1-17க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தாமதமின்றி விடையளிக்கவும்.’ கீழே ஒரு கடிதம் இருந்தது. இங்கிருந்து வடக்கே ஒரு நாள் பயணத் தூரத்தில் ஓர் ஊர். ஆற்றங்கரை. மழை இப்போது அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆற்றில் புதிதாக ஒரு பாலம் கட்டுகிறார்கள், அதன் தூண்கள் தண்ணீரை மறிக்குமா, எங்கள் தெருவில் எவ்வளவு ஏறும் என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருந்தாள். அளவுகள் எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தாள். நானூறு இயந்திரம் இருப்பதாகப் படித்தேன், சீக்கிரம் சொல்வீர்கள் என்று நம்புகிறேன், என்று முடித்திருந்தாள். போன் எண்ணும் கொடுத்திருந்தாள். அனுப்பி ஆறு நாள் ஆகியிருந்தது.

“ஆறு நாளா?” என்றாள் அக்கா.

“நாலு நிறுவனம் சுத்திட்டு வந்திருக்கு. உன்கிட்டதான் மெஷின் இருக்குன்னு கண்டுபிடிச்சு அனுப்பியிருக்கு.”

“உன்னால கணக்கு போட முடியுமா?”

“சந்துல இருக்கற அந்த ஒண்ணை அவங்க தரணும். தந்தாலும் ஒன்றரை நாள். நாளைக்கே அங்க ஏறிடும்க்கா.” அவர் பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தார். ‘விடை நான்கு நிறுவனங்களின் வழியாக அனுப்பப்படும்’ என்று அதன் தலையில் இருந்தது. அவர் விரல் அப்படியே நின்றது.

“நம்பர் இருக்குல்ல? கூப்பிடுடா.”

கூப்பிட்டார். மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்.

“தளத்திலேருந்து பேசறேங்க,” என்றார்.

“தளத்திலேருந்தா? நிஜமாவா?” குரலில் பரபரப்பு. “விடை வந்துடுச்சா? எந்த மெஷின்ல ஓடுச்சுங்க?”

கமிட்டி முன்னால் நான்கு நிமிஷத்தில் எல்லாம் சொல்லி முடித்த சாக்கடை சார், ஒரு ஆசிரியைக்கு ஒரு வரி சொல்ல முடியாமல் சேற்றில் நின்றார். விடை இல்லை, இயந்திரமும் இல்லை, அதை எப்படிச் சொல்வது?

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள்.

“ஒண்ணு கோடு பதினேழு பேசறேன்மா. இங்க எங்களுக்குக் கழுத்து வரைக்கும் வந்துச்சு. உங்களுக்கு எவ்ளோன்னு கணக்கு இருக்கட்டும், அது வரும்போது வரட்டும். தெருவுல எத்தனை பேரு நீங்க? மேடா ஏதாவது கட்டடம் இருக்கா பக்கத்துல? பூட்டியிருந்தா என்ன, காவலாளின்னு ஒருத்தர் இருப்பாரு, அவரைக் கூப்பிட்டுப் போனைக் குடு. நான் பேசறேன்.”